சின்ன மாப்பிள்ளை ரயில்

மாதிரிப் பெட்டியைப் பார்ப்பதற்காக மாமனார் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். அது நிஜ ரயில் பெட்டிகூட இல்லை. ஒட்டுப்பலகையில் செய்து, வெள்ளைச் சாயம் பூசி, பணிமனை மூலையில் நிறுத்தி வைத்திருந்த அரைப் பெட்டி. சக்கரம் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே தெரிவது பணிமனைச் சுவரும் ஒரு தீயணைப்பு வாளியும்தான். ஆனாலும் மனிதர் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மனசில்லாமல் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சின்ன மாப்பிள்ளை ரயில்ல ஏறியாச்சு. இனிமே எங்க வேணும்னாலும் போகலாம்" என்று மாமியாரிடம் சொன்னார்.

சின்ன மாப்பிள்ளை கதவருகே நின்று மாமியாரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார். கையைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. படியே இல்லாத வண்டி அது. நடைமேடையிலிருந்து அப்படியே உள்ளே நடந்து போகலாம். அதுதான் அதன் பெருமை. அதைத்தான் ஒரு மாதமாக எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய மாப்பிள்ளை சற்றுத் தள்ளி நின்று, பையில் கிடந்த அளவு நாடாவை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். அவருக்கு வயிறு எரிந்தது. காலையில் காரமாக ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அவருக்கு அரசாங்க உத்தியோகம். ரயில் கழகம் பயணிகள் வண்டி எதையும் விலைக்கு வாங்கினாலும் சரி, குத்தகைக்கு எடுத்தாலும் சரி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கோப்பு மொத்தமும் கண்காணிப்பு அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். அங்கே ஜன்னலை ஒட்டிய மேஜை இவருடையது. அறுபது நாள் அவகாசத்துக்குள் கோப்பைப் புரட்டி, எண் போட்டுக் கேள்வி எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் கழகம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கேள்வி பாக்கி நின்றாலும் இயக்குநர் மேடம் 'ஆட்சேபம் இல்லை' என்று எழுத மாட்டார். இருக்கை எத்தனை பாகை சாய்கிறது, கழிப்பறைத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எதையும் இவர் விட்டதில்லை. அதனால் அலுவலகத்தில் இவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருக்குத் தெரியும், உள்ளுக்குள் பிடிக்கவும் செய்யும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாமனார் வீட்டில் அவர் வெறும் மாப்பிள்ளை. "மாப்பிள்ளை வரட்டும்", "மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றுதான் அந்த வீட்டில் எதுவும் நடக்கும். குளியலறைக்குக் குழாய் மாற்றுவதென்றாலும் இவர் வந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும். மச்சினிக்குக் கல்யாணம் ஆனதும் இவர் பெரிய மாப்பிள்ளை ஆனார். பெயருக்கு முன்னால் 'பெரிய' என்று சேர்ந்தால் ஆள் கூட வேண்டும் அல்லவா? இவர் பாதியாகிப் போனார். கேட்கிற கேள்வியெல்லாம் சின்ன மாப்பிள்ளை பக்கம் திரும்பிவிட்டது.

அந்தச் சகலை இவரைவிட ஏழு வயது இளையவர். தலைமுடி இன்னும் முழுசாக இருந்தது. ரயில் கழகத்தில் புது வண்டித் திட்டத்துக்கே தலைமைப் பொறியாளர். மொத்தம் இருபத்து நான்கு வண்டி. ஆறு சொந்தமாக வாங்குவது, பதினெட்டு குத்தகைக்கு. கெட்ட மனிதராக இருந்தாலாவது நிம்மதியாக வெறுத்துத் தொலைக்கலாம். அந்த உபகாரத்தைக்கூட அவர் இவருக்குச் செய்யவில்லை. பார்க்கும்போதெல்லாம் "அண்ணா, அண்ணா" என்று எழுந்து நின்று நாற்காலி கொடுப்பார்.

உறவை மில்லிமீட்டர் மறைக்கவில்லை. கோப்பு மேஜைக்கு வந்த அன்றே உறவு அறிவிப்புப் படிவத்தை நிரப்பிக் கொண்டுபோய் மேடத்திடம் கொடுத்தார். மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல என்ன கேட்டிருக்கு? உறவுக்காரருக்குச் சாதகமா எழுதிடுவீங்களான்னு."

"ஆமா மேடம்."

"நீங்களா?" மேடத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்க சகலை பேரைச் சொன்னாலே உங்க காது சிவந்துடுது. நீங்க அவருக்குச் சாதகமா எழுதுவீங்கன்னு நான் பயப்படணுமா? நீங்களே பாருங்க. கூடவே நானும் ஒரு கையெழுத்துப் போட்டுக்கறேன்."

அந்தப் படிவத்தில் பொறாமைக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. இருந்திருந்தாலும் நம் ஆள் அதில் குறி போட்டிருப்பார் என்று சொல்வதற்கில்லை.

நாற்பது நாளில் எழுபத்திரண்டு கேள்வி எழுதினார். ஒவ்வொன்றுக்கும் மறுநாள் மதியத்துக்குள் பதில் வந்தது. சட்டை மாட்டும் கொக்கி நின்றிருப்பவர் கண்ணுக்கு நேரே இருக்கிறதே என்று கேட்டார். கொக்கி ஒரு அடி மேலே போன புது வரைபடமும், 'கூர்ந்து கவனித்துச் சுட்டிக்காட்டியமைக்கு மிக்க நன்றி' என்ற ஒரு வரியும் வந்தன. கழகத்துக்காரர்கள் பதிலில் முறைப்பது வழக்கம். சண்டைக்கு வந்திருந்தால் இவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். நன்றி சொல்கிறவனை என்ன செய்வது?

"உங்களுக்கு அவர் மேல கோபமே இல்லைங்க" என்றாள் மனைவி ஒருநாள், துணி மடித்துக்கொண்டே. "கோபப்பட ஒண்ணும் கிடைக்கலையேன்னுதான் கோபம்."

"எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல."

"அப்ப அந்தச் சட்டையைக் கீழ வைங்க. பட்டன் தெறிச்சிடும்."

நாற்பத்தோராவது நாள்தான் அந்த இடம் கண்ணில் பட்டது. படியே இல்லாத வண்டி என்றால், வண்டியின் தரையும் நடைமேடையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு நிலையத்தில் மட்டுமல்ல, அந்தத் தடத்தின் நாற்பத்து நான்கு நிலையத்திலும். அந்த உயரங்களையெல்லாம் கோப்பின் ஒன்பதாவது இணைப்பில் அட்டவணையாகப் போட்டிருந்தார்கள். தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து நடைமேடை விளிம்பு வரை: 918, 922, 915 என்று மில்லிமீட்டர் கணக்கில் வரிசையாகப் போனது. நாற்பத்தோராவது நிலையத்துக்கு 920, அதற்குப் பின் கடைசி மூன்றுக்கும் அதே 920, 920, 920.

நான்கும் ஒரே அளவா? நடைமேடை என்ன, அச்சில் வார்த்து எடுத்ததா? இவ்வளவு வேலைக்கு நடுவில் நாற்பத்து நான்கு நிலையத்தை இவன் எப்போது போய் அளந்தான்? உட்கார்ந்த இடத்திலிருந்தே எதையோ பார்த்துக் காப்பியடித்திருக்கிறான்!

நல்ல கண்காணிப்பாளர் அந்தப் பக்கத்தைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்த அடிக்குறிப்பைப் படித்திருப்பார். மில்லிமீட்டர் இருபது வருஷ சர்வீஸில் அடிக்குறிப்பைப் படிக்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, அளவுச் சட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தடத்தின் கடைசிக்குப் போனார். ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஒரு மணி நேரம் கொடுத்து, சிவப்புக் கொடியோடு தானே காவலுக்கு நின்றார். இந்தக் கடைசி நிலையத்துக்கு இதற்கு முன்னால் வந்ததாகவே இவருக்கு ஞாபகம் இல்லை. இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே சட்டத்தை வைத்து, நடைமேடை விளிம்பு வரை நாடாவைப் பிடித்தார். 708. துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தார். 708. மூன்றாவது தடவையும் அதேதான்.

வண்டியின் தரையிலிருந்து ஒரு சாண் பள்ளம்! இப்போது ஓடுகிற பழைய வண்டிகளில் கதவுக்குள்ளேயே இரண்டு படி உண்டு, அதனால் யாரும் கவனிக்கவில்லை. புது வண்டியில் படி கிடையாது. மனசு துள்ளியது. தண்டவாளத்தில் நின்றுகொண்டு அவர் சிரித்ததைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டருக்கே கொஞ்சம் பயமாகப் போய்விட்டது.

நடைமேடையில் சக்கர நாற்காலியில் ஒரு அம்மா காத்திருந்தார். மடியில் தோல்பை, கழுத்தில் ஏதோ அலுவலக அட்டை. தினமும் போய் வருகிறவர் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"சார், புது வண்டிக்கா அளக்கறீங்க?"

"ஆமாம்மா."

"படியே இல்லையாமே. யாரையும் கூப்பிடாம நானே உள்ள போயிடலாம்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க."

"இங்க போக முடியாதும்மா" என்றார் மில்லிமீட்டர், முகமெல்லாம் மலர. "ஒரு சாண் இடிக்குது. அளவு எடுத்தவன் கோட்டை விட்டுட்டான்!"

அந்த அம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இதில் இவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று யோசித்தாரோ என்னவோ. "அப்ப பழையபடி ரெண்டு பேர் தூக்கித்தான் ஏத்தணும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். இவர் அதற்குள் சட்டத்தை மடக்கத் தொடங்கியிருந்தார்.

அன்றைக்கே அதற்கு முந்தைய இரண்டு நிலையத்தையும் அளந்தார். 715, 711. வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டு வந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் மனைவி அந்த விசிலைக் கேட்டதில்லை.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் அவள் கவலையோடு.

திங்கட்கிழமை காலை, எழுபத்து மூன்றாவது கேள்வியை நிதானமாக, ருசித்து எழுத உட்கார்ந்தார். எந்த ஆதாரத்தில் இந்த அளவைப் போட்டீர்கள் என்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் பக்கத்தைத் திருப்பினார்.

அடிக்குறிப்பு சொன்னது: 'பதினோரு ஆண்டுகளுக்கு முன், நடைமேடைக் கூரைப் பணிக்காக எடுக்கப்பட்ட அளவுகள். அளந்தவர் தற்போது கண்காணிப்பு அலுவலகத்தில் மூத்த ஆய்வாளர். துறையிலேயே நம்பகமான அளவுகள் இவருடையவை என்பதால் மீண்டும் அளக்கத் தேவை எழவில்லை.'

மூத்த ஆய்வாளர் அந்த வரியை நான்கு தடவை படித்தார். பிறகு எழுந்து ஆவண அறைக்குப் போனார்.

பழைய அளவுப் புத்தகம் அங்கே இருந்தது. அவர் கையெழுத்தேதான். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வரி. நாற்பத்தோராவது நிலையத்தில் 920 என்று அழகாக எழுதியிருந்தது. அதன் கீழே, கடைசி மூன்று வரியிலும் எண்ணே இல்லை. மேலே உள்ளதே கீழேயும் என்பதற்கு அடையாளமாகப் போடுகிற இரண்டு சின்னக் கோடு. மூன்று வரிக்கும் மூன்று ஜோடி. கூரை போடுகிற வேலைக்கு அது போதும் என்று அன்றைக்குத் தோன்றியிருக்க வேண்டும். கூரைக்காரர்கள் அதைப் பார்த்தார்களோ இல்லையோ, தட்டச்சு செய்தவர் கோட்டுக்குப் பதில் 920 என்று நிரப்பிவிட்டார்.

ஓரத்தில் தேதி இருந்தது. பார்த்ததும் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

மச்சினி தான் விரும்பியவரை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்த நாள் அது. நாற்பத்தோராவது நிலையத்தில் நிற்கும்போது மாமனார் போன் பண்ணினார். "மாப்பிள்ளை, நீங்க உடனே வரணும். நீங்க பார்த்து ஆளை நம்பலாமான்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் நான் சம்மதம் சொல்லுவேன்." அந்தப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை. மிச்சம் மூன்று நிலையத்துக்கும் கோட்டை இழுத்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடித்து ஓடினார். வழியெல்லாம் என்ன சொல்வது, எப்படிக் கேள்வி கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம். மாமனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். புது ஆள் கதை சொல்லிக்கொண்டிருந்தான். "வாங்க, வாங்க, இவரைப் பாருங்க" என்றார்கள். அதோடு சரி. ஆளை நம்பலாமா என்று அப்புறம் அவரை யாருமே கேட்கவில்லை. ஒரு காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

ஆவண அறைத் தரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாக அவரிடம் இருந்த சொத்து ஒன்றே ஒன்றுதான்: அவர் அளவு தப்பாது என்கிற பெயர். அதுவும் இந்த மூன்று ஜோடிக் கோட்டில் போகப்போகிறது.

கேள்வியை எழுதாமலே விட்டால்? யாருக்கும் தெரியாது. இன்னும் இரண்டு வருஷத்தில் வண்டி வரும். வந்த பிறகு தெரியும். குத்தகை வண்டியில் ஒரு ஆணி அடிக்கவும் சொந்தக்காரன் சம்மதம் வேண்டும். கதவில் படி வைக்க முடியாது. நடைமேடையை உயர்த்த ஆரம்பித்தால் அதற்கு இன்னும் இரண்டு வருஷம். அதுவரை அந்த அம்மாவைப் பழையபடி இரண்டு பேர் தூக்குவார்கள். இல்லை, பழையபடி இல்லை. படியே இல்லாத வண்டியில் ஒரு சாண் உயரத்துக்கு எப்படித் தூக்குவது என்று அவர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். 'இங்க போக முடியாதும்மா' என்று தான் பல்லைக் காட்டியது நினைவுக்கு வந்து, அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆனாலும் என்ன எழுதினார் என்று கேளுங்கள். 'கடைசி மூன்று நிலையங்களில் நடைமேடை உயரம் இணைப்பில் உள்ளதைவிட இருநூறு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. ஒப்பந்தத்துக்கு முன் கழகம் புதிதாக அளக்காதது ஏன்?' அவ்வளவுதான். பழைய அளவு யாருடையது என்று ஒரு எழுத்து இல்லை. விதிப்படி இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. புதிதாக அளக்க வேண்டியது கழகத்தின் கடமைதான். சகலை தலையில் விழும், அவ்வளவுதான். அனுப்பிவிட்டு, தண்ணீர் குடித்தார்.

மறுநாள் மதியம் பதில் வரவில்லை. சகலையே போன் பண்ணினார்.

"அண்ணா, எழுபத்து மூணு ரொம்பச் சரி. நான் அளந்திருக்கணும். புதன்கிழமை கமிட்டியில நானே எழுந்து ஒத்துக்கறேன்."

"ம்."

"அப்புறம், அந்த இணைப்புல பின்னால ஒரு அடிக்குறிப்பு இருக்கு. கமிட்டிக்குக் கொடுக்கற பிரதியில அதை எடுத்துடலாம்னு இருக்கேன். தேவையில்லாத விவரம். நீங்க அதைப் பத்திக் கவலைப்படாதீங்க."

போனை வைத்ததும் மில்லிமீட்டருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இவனுக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே மூடி மறைக்கிறான். எனக்குப் பிச்சை போடுகிறானா? மாமனாரை எடுத்துக்கொண்டான், மாமியாரை எடுத்துக்கொண்டான், இப்போது என் தப்பையும் எடுத்துக்கொண்டு தியாகி ஆகப் பார்க்கிறான்!

புதன்கிழமை பதினோரு மணிக்கு, வண்டி ஒப்பந்தத்தைப் பரிசீலிக்கும் கமிட்டி கூடியது. நீள மேஜை, ஐந்து உறுப்பினர்கள், ஓரத்தில் மேடம். சகலை எழுந்து நின்றார். மூன்று நிலையத்தின் உயரம் தப்பு என்றார், மறுபடி அளக்காமல் விட்டது முழுக்கத் தன் பொறுப்பு என்றார். தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த அறையில உட்கார்ந்து இத்தனை வருஷத்துல, தானா எழுந்து என் தப்புன்னு சொன்ன அதிகாரியை நான் பார்த்ததில்லை. இப்படி ஒரு ஆளை வெச்சிருக்கறது கழகத்துக்குப் பெருமை."

எல்லாரும் தலையாட்டினார்கள். மேடம்கூட ஆட்டினார். அதற்கு மேல் நம் ஆளால் பொறுக்க முடியவில்லை.

"அது அவர் தப்பு இல்ல!" பேருந்தில் தான் துண்டு போட்டு வைத்த இடத்தில் வேறு ஒருவர் உட்கார வந்தால் வருமே, அந்தக் கோபத்தில் எழுந்துவிட்டார். "அது என் தப்பு. அளந்தது நான். அளக்கலை, அதான் தப்பு. மூணு நிலையத்துக்குக் கோடு போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அடிக்குறிப்புல இருந்தது என்னைப் பத்தித்தான். தெரிஞ்சுதான் கேள்வியில அதை எழுதாம விட்டேன்."

மனசாட்சி உறுத்திச் சொன்னார் என்று பிற்பாடு பலர் பேசிக்கொண்டார்கள். கொஞ்சம் உறுத்தியதும் உண்மைதான். ஆனால் அவரை நாற்காலியிலிருந்து கிளப்பியது பொறாமைதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒப்பந்தம் ஒரு மாதம் தள்ளிப்போனது. நாற்பத்து நான்கு நிலையத்தையும் புதிதாக அளப்பது, தாழ்ந்த நடைமேடைகளை வண்டி கட்டி முடிப்பதற்குள் உயர்த்துவது என்று முடிவானது. மேடம் இவரைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. "இனிமே நீங்க தனியா எதையும் அளக்க வேண்டாம். இன்னொருத்தர் அளக்கட்டும், நீங்க சரிபாருங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அந்த வாரமே அலுவலகத்தில் அவர் பெயர் மாறிவிட்டது. மில்லிமீட்டர் போய், 'ரெட்டைக்கோடு' ஆனார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் போன் பண்ணினார்.

"பெரிய மாப்பிள்ளை, எல்லாம் கேள்விப்பட்டேன். சின்ன மாப்பிள்ளை வந்து ஒரு மணி நேரம் உங்களைப் புகழ்ந்து தள்ளிட்டார். நாலு பேர் நடுவுல எழுந்து உண்மையைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறார்."

ரெட்டைக்கோட்டுக்கு நெஞ்சு லேசாக நிமிர்ந்தது.

"அடுத்தவங்களை இப்படி வாய் நிறையப் புகழ எத்தனை பேருக்கு மனசு வரும், சொல்லுங்க? தங்கமான மனுஷன் அவர்!"

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார். அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

கடைசி மூன்று நிலையத்தை அளக்கச் சகலையே வந்தார். யாரை வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம். வண்டியில் எதிரெதிரே உட்கார்ந்து போனார்கள். பாதி வழியில் சகலைதான் ஆரம்பித்தார்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"அன்னிக்கு நான் முதல்ல வீட்டுக்கு வந்தேன்ல, மாமா என்னை உட்கார வெச்சு, பெரியவர் வரார், அவர் பார்த்துச் சொல்லட்டும்னுட்டார். மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பயத்துல என்னென்னவோ உளறினேன், அவங்க சிரிச்சாங்க. நீங்க வந்தீங்க. ஒரு வார்த்தை பேசல. காப்பியைக் குடிச்சிட்டுப் போயிட்டீங்க. பாஸா ஃபெயிலான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது." சகலை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார். "ஒவ்வொரு கேள்வியும் வரும்போது, இதுல பாஸாகிடணும்னுதான் ராத்திரியோட ராத்திரியா பதில் எழுதுவேன்."

பதினோரு வருஷமாக ஒருவன் தன்னைக் கண்டு பயந்துகொண்டிருந்திருக்கிறான், அது தெரியாமல் வயிற்றை எரித்துக்கொண்டிருந்தோமே என்று இவருக்கு அதற்கும் கொஞ்சம் ஆத்திரம் வந்தது.

முதல் இரண்டு நிலையமும் மதியத்துக்குள் முடிந்தன. கடைசி நிலையத்தில் சகலை தண்டவாளத்தில் இறங்கிச் சட்டத்தை வைத்து, நாடாவைப் பிடித்து, 708 என்றார். இவர் நடைமேடையில் நின்று எழுதிக்கொண்டார். படிவத்தில் மூன்று கட்டம்: அளந்தவர், சரிபார்த்தவர், சரிபார்த்தவரின் கருத்து. சகலை மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை நீட்டினார்.

"அளந்தவர்ல நீங்களே கையெழுத்துப் போடுங்க அண்ணா. நீங்கதான் முதல்ல கண்டுபிடிச்சீங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"நீ அளந்ததுல நீ போடு" என்றார் இவர் வெடுக்கென்று. "தள்ளு. நான் சரிபார்க்கணும்."

தானே கீழே இறங்கி, முட்டி போட்டு, நாடாவைப் பிடித்தார். 707 ஆக இருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. கண்ணை இடுக்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். 708. ஒரு மயிரிழை இப்படி அப்படி இல்லை.

நிமிர்ந்தால் மேலே சக்கர நாற்காலி. அதே அம்மா, அதே தோல்பை.

"இன்னிக்கு என்ன சார் சொல்றீங்க?"

"மேடையை உசத்தப் போறாங்கம்மா. வண்டி வரதுக்குள்ள முடிஞ்சிடும். நீங்க யாரையும் கூப்பிடாம உள்ள போகலாம்."

"அன்னிக்கு யாரோ கோட்டை விட்டுட்டாங்கன்னு சிரிச்சீங்களே. யாரு அது?"

சகலை குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"நான்தாம்மா" என்றார். கமிட்டியில் சொன்னபோது இருந்த வேகம் இப்போது இல்லை. தண்டவாளத்தில் நின்றபடி, அவரை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்.

அந்த அம்மா தலையை ஆட்டினார். "அளந்தீங்களே, அது போதும்" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நிழலுக்குப் போனார்.

மேலே ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை முட்டியில் வைத்தார். சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கருத்துக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. முதல் இரண்டு நிலையத்துக்கும் 'அளவு சரி' என்று எழுதியிருந்தார். இதற்கும் அதையே எழுதலாம். இரண்டு சின்னக் கோடு போட்டாலும் போதும். சகலை பக்கத்தில் உட்கார்ந்து, பார்க்காத மாதிரி சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது இப்போது சிவந்திருந்தது.

வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு எழுதினார்: 'அளவு சரி. அளந்தவரை நம்பலாம்.'

சகலை கையெழுத்துப் போடுவதற்காகப் படிவத்தை வாங்கினார். படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். கையெழுத்துப் போட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"அண்ணா" என்றார். "இதை மாமாகிட்ட ஒரு தடவை காட்டட்டுமா?"

"இது அரசாங்கக் காகிதம். கண்டவங்ககிட்ட காட்டக் கூடாது" என்று வெடுக்கென்று பிடுங்கி, நான்காக மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.